புளி போட்டுத் தேய்த்த ஐந்து ரூபாய்

உப்பளத்திலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் ஏழுமலை ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்பார். குடிக்க இல்லை... கால் நனைக்க. குதிகால் வெடிப்பில் தண்ணீர் பட்டதும் "ஸ்ஸ்ஸ்" என்று பல்லைக் கடிப்பார். மரக்காணத்தில் அந்தச் சத்தம் கேட்காத வீடு எங்கள் தெருவில் இல்லை.

"இனிமே உப்புத் தண்ணியில கால வெக்காதப்பா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம்...

உப்பு ஏற்றும் மினி லாரி ஓனர் ஒரு வழி காட்டினார். "சீசன் முடியறதுக்குள்ள லைசென்ஸ் எடுத்துட்டு வா ஏழுமலை. வண்டிய உன் கையில தர்றேன்." லாரியை முன்னே பின்னே நகர்த்த இவர் ஏற்கெனவே பழகியிருந்தார். டிரைவிங் ஸ்கூலுக்குக் கட்டத்தான் கையில் ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில்தான் பஸ்ஸில் மீதிச் சில்லறையாக அந்த ஐந்து ரூபாய் வந்தது. சிங்கம் ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. மறு ஓரம் பிறை மாதிரி வெறுமையாக இருந்தது. இந்த மாதிரிக் காசுக்கு நல்ல விலை உண்டு என்று யாரோ சொல்ல, பக்கத்து வீட்டுப் பையன் தன் போனில் போட்டோ எடுத்து, அபூர்வக் காசு வாங்கும் புதுச்சேரி காயின் கடைக்கு அனுப்பினான். "சரியா தெரியல, நேர்ல கொண்டாங்க" என்று பதில் வந்தது.

தெரியவில்லை என்றால் என்ன செய்வேன்? அழுக்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். புளியும் உப்பும் செங்கல் தூளும் வைத்து, குத்துவிளக்கு தேய்ப்பது போல அரை மணி நேரம் தேய்த்தேன். தங்கமாட்டம் மின்னியது... எனக்கு அவ்வளவு பெருமை.

உப்பு மண்ணில் முன்பு கிடைத்த வேறு இரண்டு காசுகளையும் அதோடு சேர்த்து எடுத்துப் போனோம். கடைக்காரர் அந்த இரண்டையும் உடனே தள்ளி வைத்தார்.

"இது உப்பு தின்னதும்மா. அப்புறமா ஆனதெல்லாம் டேமேஜ். காசு அடிக்கற மின்ட்லயே தப்பா விழுந்தாத்தான் எரர், அதுக்குத்தான் விலை."

பிறகு ஐந்து ரூபாயை லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"இது அசல். அடிக்கும்போதே விலகியிருக்கு. இந்த வெறும் இடத்துல தடிமன் குறையல பாருங்க, யாரும் ராவி எடுக்கல."

நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா... இத யாரும்மா தேய்ச்சது?"

"நான்தாங்க."

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். "மூஞ்சி பூரா கீறல். சேக்கறவங்க இதத் தொட மாட்டாங்க. தேய்க்காம இருந்திருந்தா எட்டாயிரத்துக்கு நானே எடுத்திருப்பேன். இப்ப முந்நூறு தர்றேன், பஸ் செலவுக்கு வெச்சுக்கங்க."

முந்நூறை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் பஸ்ஸில் கூனிமேடு வரைக்கும் அழுதேன். இவர் என்னைத் திட்டவே இல்லை. "விடு சுமதி. உன் கண்ணுல பட்டா நீ எதத்தான் தேய்க்காம விட்டிருக்க?" என்று சிரித்தார். நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்...

சீசன் முடிந்தது. மினி லாரி வேறு ஒருத்தருக்குப் போனது.

இப்போது என் போனைத் திறந்தாலே காயின் வீடியோதான். "கழுவாதீங்க, தேய்க்காதீங்க, அப்படியே வைங்க" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறார்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்தது கீபேட் போன். சொல்லவும் ஆளில்லை.

போன வருஷம் புண் புரையோடி இவருடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இப்போதும் பிளாஸ்டிக் கவரைக் காலில் கட்டிக்கொண்டு உப்பளத்துக்குத்தான் போகிறார். வேறு வேலைக்கு எங்கே போவது... எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

நேற்று கவரைக் கட்டிவிட்டபடி எங்கள் மகள் கேட்டாள். "ஏம்ப்பா, நீ அப்பவே டிரைவரா போயிருக்கலாம்ல?"

"எனக்கு வண்டின்னாலே பயம்மா" என்றார்.

அவள் நம்பிவிட்டாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து ரூபாயை நான் தேய்த்த கதை அவளுக்கு இன்னும் தெரியாது.