இரண்டும் அசல்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகர மன்றத்தில் நான் குமாஸ்தா. கடிதம் அடிப்பதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடிவதில்லை. இதைக்கூட நாலு தடவை எழுந்து நடந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மன்றத்தில் தமிழ் உறுப்பினர்கள் இரண்டு பேர். ஓட்டு வாங்கி வந்தவர்கள் இல்லை, கட்சி கொடுத்த பட்டியலில் வந்தவர்கள். ஒரே கட்சிதான். ஆனால் மேலே கட்சித் தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் ஆகாமல் போனதும் கீழே இவர்களுக்கும் ஆகாமல் போயிற்று. ஒருவர் தலைவர் அணி, மற்றவர் துணைத்தலைவர் அணி. ஒருவர் உட்கார்ந்திருக்கும் கோப்பிக் கடைக்குள் மற்றவர் கால் வைக்க மாட்டார். எனக்கு இந்த வேலை கிடைத்தது தலைவர் அணிக்காரரின் சிபாரிசில். அதனால் நானும் தலைவர் அணி. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

என் அக்கா ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தாள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். புது முதலாளி தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிட்டான். லயம் முழுக்க ஒரே கிணற்றை நம்பி இருந்தது. அக்கா அப்போது மாசமாக இருந்தாள். மன்றம் பரிந்துரைத்தால் அரசாங்கக் குழாய் வரும். அதற்கு அந்த வட்டார உறுப்பினர்களான இவர்கள் இருவரும் ஆதரவுக் கடிதம் கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரே கடிதமாக அடித்துத் தலைவர் அணிக்காரரிடம் கொண்டுபோனேன். பேனாவைத் திறந்தவர் தாளின் அடியைப் பார்த்தார்.

"தம்பி, கீழ கையெழுத்துக்கு இன்னொரு கோடு போட்டிருக்கே, அது யாருக்கு?"

சொன்னேன். பேனாவை மூடிவிட்டார்.

"அவன் பேரு இருக்கிற தாள்ல என் பேரு இருக்காது லா."

மற்றவர் தாளைத் தொடக்கூட இல்லை. "மொதல்ல அவரு போடட்டும், பாக்கலாம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த அதிமேதாவி யோசனை வந்தது. ஆளுக்கொரு கடிதம். கார்பன் வைத்து அடித்தால் நகல் கிடைத்தவர் கோபித்துக்கொள்வார். ஆகவே இரண்டு தடவை அடித்தேன். இரண்டும் அசல், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோடு. இருவரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். "அந்த ஆளுக்குத் தெரியுமா?" என்று இருவரும் கேட்டார்கள். "தெரியாதுண்ணே" என்று இருவரிடமும் சொன்னேன்.

கூட்டத்தில் மன்றத் தலைவர், மலாய்க்காரர், இரண்டு கடிதங்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லது, இந்த விஷயத்திலாவது நீங்கள் இருவரும் ஒன்று" என்று மலாயில் சொன்னார். பாவம், பாராட்டாகத்தான் சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் அணிக்காரர் எழுந்து, இதை இன்னும் ஆராய வேண்டும் என்றார். மற்றவரும் எழுந்து, ஆமாம், ஆராயத்தான் வேண்டும் என்றார். அந்த மன்றத்தில் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஒத்திவைக்கப்பட்டது என்று என் கையாலேயே எழுதினேன். எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் அறுத்தது என் அக்காவின் மூக்கை.

சாயங்காலமே லயத்துக்குப் போனேன்.

"யாருடா தடுத்தது?" என்று அக்கா கேட்டாள்.

"துணைத்தலைவர் அணி ஆளுதான்க்கா."

ஏன் அப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயமா என்றால் அதுவும் இல்லை. அக்காவிடம் சொல்வது யார் காதுக்குப் போகப்போகிறது? நம்ம ஆளைக் காட்டிக்கொடுக்க நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை.

அடுத்த வாரம் போனபோது அக்கா நிறை வயிற்றோடு கிணற்றில் தானே கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள். அதுவரை பக்கத்து வீட்டுக்காரிதான் தினமும் அவளுக்கு இறைத்துக் கொடுத்து வந்தாள். ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கினேன்.

"அவங்க எங்கக்கா?"

"அவ வீட்டுக்காரரு நீ சொன்ன அந்த அணியாம்டா" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "நீ வந்து சொன்ன அன்னிக்கே, இனிமே என் வாளியத் தொடாதேன்னு சொல்லிட்டேன்."