தேயிலை பூக்காது

இதை நம்புமாறு எவரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது. 1960 நவம்பர் 19, சனிக்கிழமை, மாலை ஐந்து இருபது.

அப்போது நான் பதுளையில் ஆசிரியன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். புனைகதைகளில் பூவானது பெண்ணின் நிறைவேறாத ஆசைக்குக் குறியீடாகும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் இலக்கிய வட்டத்தின் ஆண்டிதழுக்குக் கதை தெரிவு செய்வதும் என் பொறுப்பு. நமுனுகுலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வேலாயி என்ற பெண் ஒரு கதை அனுப்பியிருந்தாள். இந்தியாவுக்குப் போன மாப்பிள்ளை திரும்பிவந்து பூ வைத்துவிடுவான் என்று காத்திருக்கும் ஒருத்தி, ஒருநாள் தேயிலைப் பூவைத் தானே பறித்துச் சூடிக்கொள்கிறாள். முதல் தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: 'தேயிலை பூக்காது. பொய்யான குறியீடு.' உறையிலிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து, அதே தோட்டத்தில் கிளாக்கராக இருந்த நண்பர் சிவராசாவைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்காக இறங்கி வந்துகொண்டிருந்தேன். தூறல். மூடுபனி. வழியில் கொழுந்துக் கூடையுடன் ஒருத்தி நின்றாள்.

"சார் தேயிலைய கோப்பையிலதான் பாத்திருக்கீங்க போல."

"ஆர் நீர்?"

"வேலாயிங்க. வாங்க, காட்டுறேன்."

வெட்கத்துடன் பின்தொடர்ந்தேன். என் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. அவள் சேலை உலர்ந்திருந்தது. என் கால்களில் அட்டைகள் ஏறின. அவளுடைய வெறுங்காலில் ஒன்றுகூட இல்லை.

ஓடைக்கு அப்பால் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த தேயிலை. கிளையெல்லாம் வெள்ளைப் பூ.

"மத்த எடத்துல கவ்வாத்துன்னு வெட்டிருவாங்க. பூக்க வுட மாட்டாங்க. இங்க வெட்ட வரமாட்டாங்க."

தாளை நீட்டினாள். என் கையெழுத்து.

"பொய்யின்னு எழுதிட்டீங்களே. அடிச்சிருங்க சார்."

தாள் ஈரமாக இருந்தது. குறிப்பேட்டின் மேல் வைத்து, அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன்.

"கதையைத் தாரும். இதழிலை போடுறன்."

"அம்மாகிட்ட கேளுங்க."

தாள் என் கையிலிருந்து நழுவியது...

நிமிர்ந்தேன். ஐந்து நாற்பத்தாறு.

யாரும் இல்லை.

சேற்றில் ஒருவரின் சுவடுகள் மட்டுமே.

என்னுடையவை.

மறுநாள் காலை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய், அவள் தாய் பெரியாயியிடம் கதையைக் கேட்டேன்.

"காச்சல்ல போயிட்டா சார். மூணு வாரமாச்சு. பொணத்த தூக்குற நேரத்துலதான் ஒங்க கடுதாசி வந்திச்சு. அதத்தான் தெனம் கேட்டுக்கிட்டுக் கெடந்தா. அவ கையிலயே வச்சு, ஓடைக்கு அந்தப் பக்கம் பொதச்சிட்டோம்."

"உறையைப் பிரிச்சுப் பாக்கேல்லையோ?"

"எப்புடி சார்? எங்கள்ல படிக்கத் தெரிஞ்சவ அவ ஒருத்திதானே."

அந்தக் கதைக்கு வேறு பிரதி இல்லை. அவ்வாண்டு இதழில் அவள் பெயரை மட்டும் அச்சிட்டு, நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டேன்.

குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. அதன் மேலட்டையில், ஈரத்தாளின் வழியே இறங்கிய ஒரு சிவப்புக் கோடும்...