நான் அழகாக எழுதிய மன்னிப்புக் கடிதம்

போன வருடம் பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் நடந்தது இது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மைதானத்தில், கல்லூரி மாணவிகளுக்கான கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். கூடவே தண்ணீர் பாட்டில், குல்லா, பிஸ்கட், மாற்றுடை என்று ஒரு மூட்டை. எங்கே போனாலும் எதையோ மறந்துவிட்டோமோ என்ற பயம் எனக்கு உண்டு.

என் கணவர் அப்போது பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கால்பந்து உதவிப் பயிற்சியாளர். தடுப்பாட்டம் மட்டும் அவர் பொறுப்பு. அதாவது கோல் போடக் கற்றுக்கொடுப்பவர் இல்லை, கோல் விழாமல் காக்கக் கற்றுக்கொடுப்பவர். மாவட்ட அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர், முட்டி போனதும் பயிற்சியாளர் தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்தார். ஆறு வருடம். ஒவ்வொரு வருடமும் பதினோரு மாத கான்ட்ராக்ட். ஒரு மாதம் இடைவெளி விட்டு ஜூனில் மறுபடியும் புது ஆர்டர். அந்த ஒரு மாதம் முழுக்க நான் தூங்கமாட்டேன்.

அந்த வேலையில் ஒரு அநியாயம் உண்டு. கோல் போட்டவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், பேப்பரில் படம் வரும். வந்த பந்தையெல்லாம் தடுத்தவளை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஒரு கோல் விழுந்துவிட்டால் போதும், "டிஃபென்ஸ் கோச் என்னய்யா புடுங்குறான்?" என்று மேடை வரைக்கும் கேட்கும். மந்தாரக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில் இருந்த துணிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய், நான்கு பெண்களை இடுப்பில் வரிசையாகக் கட்டி, ஒருத்தி நகர்ந்தால் மற்ற மூவரும் நகரப் பழக்கினார் இவர். நான் ஒரு வாரம் ஜன்னல் கம்பியில் துணி காயப்போட்டேன். அந்தப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை எங்கள் அணி ஒரு கோல்கூட வாங்கவில்லை.

அந்த நால்வரில் நடுவில் நிற்கும் பெண் கம்மாபுரம் பக்கத்துக்காரி. இரண்டாம் ஆண்டு. ஆள் ஒல்லி, ஆனால் உயரப் பந்து எதையும் விடமாட்டாள். முதல் பாதி முடியப் போகும் நேரம், ஒரு பந்துக்கு இவளும் எதிரணிப் பெண்ணும் சேர்ந்து எகிறினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் நான் உட்கார்ந்திருந்த இடம் வரை கேட்டது. விழுந்தாள், எழுந்தாள், சிரித்தாள், ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியபோது என் கணவர் மட்டும் கோட்டுக்கு அருகில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவளைக் கூப்பிட்டு, "எந்தப் பக்கம் கோல் அடிக்கணும் நாம?" என்று கேட்டார். அவள் எங்கள் கோல் கம்பத்தையே காட்டினாள்.

அவ்வளவுதான். அவளைக் கையைப் பிடித்து வெளியே உட்காரவைத்தார். அவள் அழுதாள். "சார், நான் நல்லாத்தான் இருக்கேன் சார்" என்று கெஞ்சினாள். மாற்று ஆளை இறக்குவது தலைமைப் பயிற்சியாளரின் உரிமை. உடற்கல்வி இயக்குநரான பி.டி. சார்தான் அங்கே தலைமைப் பயிற்சியாளர். அவர் ஓடிவந்து கத்தினார்.

"யோவ், அடிபடாம ஃபுட்பால் எங்கய்யா ஆடுறாங்க? மூஞ்சில தண்ணி ஊத்தி அனுப்புய்யா!"

"முடியாது சார். அவளுக்குத் திசையே தெரியல."

"கரஸ்பாண்டென்ட் உக்காந்து பாத்துகினு இருக்காரு. கப்பு போச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

"சொல்றேன் சார்" என்றார் இவர். அவளுக்குப் பதில் ஒரு முதலாண்டுப் பெண் இறங்கினாள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கார்னர், அவள் தலைக்கு மேல் போன பந்து, கோல். கப்பு போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் வாந்தி எடுத்தாள். கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டாள் என்ற அளவில்தான் எங்களுக்குச் செய்தி.

நான்காம் நாள் என் கணவர் கையில் ஒரு மெமோ. அனுமதியில்லாமல் வீராங்கனையை வெளியேற்றிக் கல்லூரியின் தோல்விக்குக் காரணமானது ஏன், மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும்.

இங்கேதான் என் தவறு தொடங்குகிறது. நான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். மெமோ என்ற வார்த்தை எங்கள் பிளாக்கில் காய்ச்சல், சளி மாதிரி. ஷிஃப்டுக்கு லேட், மெமோ. சொல்லாமல் லீவு, மெமோ. அப்பாவுக்கும் இரண்டு மூன்று வந்தது. ஒவ்வொரு முறையும் "நடந்ததற்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நிகழாது" என்று எழுதிக் கொடுப்பார். அதோடு ஃபைல் மூடிவிடும். என் கையெழுத்து அழகு என்பதால் பள்ளிக்கூடக் காலத்திலேயே அந்தக் கடிதங்களை நல்ல தாளில் எழுதிக் கொடுத்தவள் நான். பக்கத்து வீட்டு மாமாக்களுக்குக்கூட எழுதியிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன்.

"நான் தப்பே பண்ணலையே, எதுக்கு வருந்தணும்?" என்றார் இவர்.

"உங்க வீம்பு ஜூன்ல ஆர்டர் வாங்கித் தராதுங்க. பாப்பாவ ஸ்கூல்ல சேக்கணும். ஒரு தாளு, ஒரு கையெழுத்து. எங்கப்பா எத்தனை குடுத்திருக்காரு!"

அவர் மைதானத்துக்குப் போயிருந்த நேரத்தில் நானே எழுதி முடித்தேன். சுருக்கமாக எழுதியிருக்கலாம். மன்னிப்பு முழுசாக இருந்தால்தான் மேலே உள்ளவர்களின் மனம் இளகும் என்று நினைத்து ஒரு வரி சேர்த்தேன். "ஆட்டத்தைத் தொடரும் நிலையில் இருந்த வீராங்கனையை நான் அவசரப்பட்டு வெளியே அழைத்தது தவறு." படித்துப் பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது. சொன்னால் வெட்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

அவர் அந்த வரியில் வந்து நின்றார். "இது பொய்யாச்சே" என்றார்.

"அவதான் நல்லாயிட்டாளே. ஒரு வரிதானே!" என்றேன். மகள் வேறு பசியில் அழுதுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தார், பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போட்டார். மைதானத்தில் பி.டி. சாரிடம் முடியாது என்று சொன்ன மனிதர் என்னிடம் சொல்லவில்லை.

கடிதம் வேலை செய்தது. "அதான் எழுதிக் குடுத்துட்டல்ல, விடு. ஜூன்ல வந்துரும்" என்று பி.டி. சாரே தோளில் தட்டினாராம். பார்த்தீர்களா என்று நான் இவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். இவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

மார்ச் மாதம் ஒரு நாள் மத்தியானம், கதவைத் தட்டிக்கொண்டு ஒரு அம்மா நின்றார். கையில் ஒரு பெரிய ஸ்கேன் கவர், முகமெல்லாம் வெயில். அந்தப் பெண்ணின் தாய். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"சாரு இல்லையா? நீதான் அவரு வூட்டம்மாவா? உன்னாண்டயே கேக்கறேன். எம்பொண்ணு தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிகினு இருந்திச்சாம். இன்னொரு அடி பட்டிருந்தா உசுரோட பாத்திருக்க முடியாதுன்னு டாக்டரு சொன்னாரு. ஒன்றரை மாசம் படுத்துகினு கெடந்தா. இப்ப அட்டெண்டன்சு பத்தல, பரீட்சை எழுத வுடமாட்டேங்கறாங்க. அடிபட்டதாலதானேன்னு கேக்கறேன், ஒரு லெட்டரக் காட்றாங்க. உன் பொண்ணுக்கு அன்னிக்கு ஒண்ணுமே இல்ல, கோச்சே எழுதிக் குடுத்துருக்காருன்றாங்க. ஏம்மா, வெளிய இட்டாந்தது தப்புன்னா, எம்பொண்ண உள்ளயே வுட்டுச் சாவடிச்சிருக்கணுமா?"

எங்கப்பாவின் மெமோ, மன்னிப்பு, ஃபைல் என்று எதையும் அந்த அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. அப்பா லேட்டாகப் போனதற்கு அப்பா வருந்தினார், அது அவரோடு முடிந்தது. நான் எழுதியதோ இன்னொரு வீட்டுப் பெண்ணின் தலையைப் பற்றி. சுரங்க வாசலுக்கு வாசல் பாதுகாப்பு போர்டு வைத்திருக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு, அடிபட்டவளை அடிபடவில்லை என்று எழுதுவது எப்பேர்ப்பட்ட பாவம் என்று தெரியாமலா போனது? தெரியும். ஜூன் மாத ஆர்டர் கண்ணை மறைத்துவிட்டது.

"அந்த வரி நான் எழுதினதும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவதானே நீ?" என்றார். அதற்குப் பிறகுதான் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் இவரிடம் சொன்னபோது, திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தாள் எங்கே என்று கேட்டார். நான் எழுதித் தரட்டுமா என்றதற்கு, "வேணாம், நானே எழுதிக்கறேன்" என்றார். அவர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. முந்தைய கடிதத்தில் உள்ளது உண்மையல்ல, அன்று அந்த மாணவி திசை தெரியாத நிலையில் இருந்தார், அவரை வெளியே அழைத்தது சரியான முடிவு, மறுபடி அந்த நிலை வந்தாலும் அதையே செய்வேன். அவ்வளவுதான் எழுதினார். "கடைசி வரி வேணுமாங்க?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மகளையும் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பி.டி. சார் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜை மேல் விசிறினார்.

"பைத்தியமாய்யா உனக்கு? முடிஞ்சுபோன விஷயத்தத் தோண்டுற? இத உள்ள அனுப்பினா உனக்கு அடுத்த வருஷம் இங்க இடமில்ல. ஏம்மா, நீயாவது புத்தி சொல்லக்கூடாதா?"

"முதல் லெட்டருக்கு நான்தான் சார் புத்தி சொன்னேன்" என்றேன். "கோல் விழுந்ததுக்கு மெமோ குடுத்தீங்களே, ஒரு பொண்ணுக்கு மண்டையில அடிபட்டதுக்கு யாருக்கு சார் மெமோ குடுத்தீங்க?"

அவர் கடிதத்தை எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். அலுவலகத்தில் கடிதத்தை வாங்க மறுத்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒரு நகலை அந்த அம்மாவிடம் கொடுத்தோம். அந்த நகலும் டாக்டர் சான்றிதழுமாக அவர் நாலு முறை நடையாய் நடந்த பிறகு, அந்தப் பெண்ணைப் பரீட்சை எழுத விட்டார்கள். ஏதோ பெரிய மனதோடு சலுகை கொடுப்பது போல.

ஜூனில் ஆர்டர் வரவில்லை. ஆறு வருட வேலைக்கு ஒரு வரி நன்றிகூட வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேறு இரண்டு கல்லூரிகளில் இவர் கேட்டுப் போனபோது, பழைய கல்லூரியில் விசாரித்திருக்கிறார்கள். "அவரா? இன்னிக்கு ஒண்ணு எழுதுவாரு, நாளைக்கு ஒண்ணு எழுதுவாரு" என்று அங்கே சொன்னார்களாம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. தண்ணி ஊத்தி அனுப்பு என்றவர் அதே நாற்காலியில் இருக்கிறார். ஒரு உயிரைக் காப்பாற்றியவருக்கு வார்த்தை மாற்றுகிறவர் என்று பெயர். அந்தப் பெயருக்கு மை ஊற்றியவள் நான். இதை இவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அங்கேயும் கான்ட்ராக்ட்தான். அந்தப் பெண் கால்பந்து ஆடுவதில்லை. டாக்டர் கூடாது என்றுவிட்டார். கடைசி வருடம் படிக்கிறாள். எதிரில் பார்த்தால் "சார்" என்று நின்று பேசிவிட்டுத்தான் போகிறாளாம்.

போன வாரம் பார்க்கில் என் மகளுக்கும் இன்னொரு குழந்தைக்கும் ஊஞ்சலுக்குச் சண்டை. அந்தக் குழந்தை அழுதது, அதன் அம்மா என்னை முறைத்தார். "சாரி சொல்லு பாப்பா" என்று வழக்கம்போல என் வாய் திறந்துவிட்டது. சட்டென்று மூடிக்கொண்டு, மண்டிபோட்டு உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டேன். தப்பு யாருடையது என்று தெரியும் முன்பே மன்னிப்புக் கேட்பதைப் பணிவு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்மேல் இருக்கும் கோபம், அதை என் வீட்டுக்காரர் கையில் திணித்த என்மேல் இருக்கும் கோபத்தைவிடக் குறைவுதான்.