எண்ணெய் வழியாத சுவர்

கடற்கரை ஊரான தக்கோராடியில் சமையலறைச் சிம்னி மாட்டி முடித்ததும், அன்றைக்கே அதன் கீழே ஷிட்டோ என்கிற மிளகாய்த் தொக்கை வறுத்துப் பார்ப்பார்கள். மிளகாய், காய்ந்த இறால், கருவாடு எல்லாம் எண்ணெயில் கறுக்கும்வரை வறுபடும். வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருவர் இருமினாலும் வேலை தேறவில்லை என்று அர்த்தம். இருமல் வராவிட்டால் கொல்லைப்புறத்துச் சமையல் அன்றோடு வீட்டுக்குள் வந்துவிடும். அராபா மாட்டிய சிம்னிக்குப் பதினொரு வருஷமாக ஒருவரும் இருமியதில்லை.

அராபா பெரிய உடம்புக்காரி, அதைவிடப் பெரிய வாய்க்காரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெந்நீரும் சோடாவுமாக வந்து சல்லடைகளைக் கழற்றி ஊறப்போடுவாள். புதுசு மாதிரியே இருக்கட்டும் என்று சிம்னியின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிற வீடுகளில் அவள் விடுகிற ஏச்சு தெருமுனை வரை கேட்கும். "உறையோட சட்டை போட்டுக்குவீங்களாம்மா? அதுக்கும் மூச்சு விடணுமில்ல?" ஏச்சு வாங்கியவர்களே அடுத்த வீட்டுக்கும் அவளைத்தான் சொல்லி அனுப்புவார்கள்.

அடுப்புக்கு மேலே சிம்னியை மட்டம் பார்த்து மாட்டுவதும் மின்சார இணைப்பும் அவள் பொறுப்பு. சீலிங்குக்கு மேலே குழாயைக் கொண்டுபோய், வெளிச்சுவரைத் துளைத்து, புகையை வெளியே விடுவது ஃபீஃபியின் பொறுப்பு. சீலிங் பொந்துக்குள் அராபாவின் தோள் நுழையாது. ஃபீஃபி ஒல்லி. தேவாலயத்தில் அவளோடு சேர்ந்து பாடுகிறவன். அவன் மகளுக்கு ஞானஸ்நானத் தாய் இவள்தான். கூடப்பிறந்த தம்பி இருந்தால்கூட அவ்வளவு நம்பியிருக்கமாட்டாள்.

மற்ற ஆட்கள் வெளிச்சுவரில் புகைத்துளைக்கு வைத்த மூடிக்குக் கீழே ஆறே மாதத்தில் பழுப்பாக எண்ணெய் வழிந்திருக்கும். ஃபீஃபி மூடி வைத்த சுவர் வருஷக்கணக்கில் வெள்ளை வெளேரென்று இருக்கும். அராபா அதைக் காட்டியே புது வேலை பிடித்தாள். "பாருங்க, என் தம்பி கை பட்ட சுவரு. ஒரு சொட்டு வழிஞ்சிருக்கா?" அட மடச்சி, புகை வருகிற வாசலில் கறையே இல்லையென்றால் புகை எங்கேதான் போகிறது என்று கேட்கத் தெரியவேண்டாமா? தொழில் தெரிந்தவள்தான். பாசம் வந்தால் தொழிலறிவு ஒதுங்கிக்கொள்கிறது.

போன ஜூன் மாதம், பள்ளித் தலைமையாசிரியை மேடம் டாட்சி வீட்டுக்குச் சல்லடை கழுவப் போனாள். மேடம் அவளைச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போய்ச் சீலிங்கைக் காட்டினார். பெரிய பழுப்புத் திட்டு.

"மழை ஒழுகுதுன்னு ஆளக் கூட்டிட்டு வந்தேன். அவன் தொட்டு மோந்து பாத்துட்டு, இது மழையில்ல மேடம், பாமாயிலுங்கறான்."

அராபா மேசைமேல் ஏறிப் பலகையைப் பிடித்து இழுத்தாள். ஊறிப்போயிருந்த பலகை கையோடு வந்துவிட்டது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். குழாய் சுவருக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எதிரே சுவர் முழுசாக இருந்தது. துளைப்பானின் கீறல்கூட இல்லை. வெளியே மாட்டியிருந்தது வெறும் மூடி. ஆறு வருஷத்துப் புகை அத்தனையும் கட்டைகளில் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது, அதன் நடுவே மின்கம்பி ஓடியது. ஒரு பொறி போதும்.

அன்று மத்தியானம் ஃபீஃபியை அவன் வீட்டு வாசலில் பிடித்தாள். அவன் கெங்க்கே சோளமாவு உருண்டை தின்றுகொண்டிருந்தான்.

"எத்தனை வீடு?"

"என்னக்கா எத்தனை வீடு?"

"துளைக்காம விட்டது எத்தனை வீடுன்னு கேக்கறேன்."

"ஏதோ சில வீடு."

"ஃபீஃபி."

அவன் கையைக் கழுவினான். "எல்லாந்தான். சிமெண்டுக் கல்லைத் துளைக்க அரை நாள் ஆகுதுக்கா. பெயிண்ட் உதிருதுன்னு வீட்டுக்காரங்க வேற கத்தறாங்க. ஷிட்டோ வாசனை கூடத்துக்கு வரல. யாரும் குறை சொல்லல. நீங்களும் ஒரு தடவையாவது பலகையைத் தூக்கிப் பாத்ததில்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் குத்தியது. நம்பியதையே குற்றமாகத் திருப்பிவிட்டான். அழுகை வந்தது. அவன் முன்னால் அழ அவளுக்கு மனசில்லை.

"நாளைக்கு எஃபியா ஏரியாவுல மிசஸ் ஆர்தர் வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கறேன். ஒவ்வொரு வீடாப் போய் நானே சொல்லி, நானே சரி பண்ணித் தரப்போறேன். நீயும் வந்து நிக்கணும்."

"சரிக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டான். வருத்தப்படுகிறான் என்று நினைத்தாள். அப்போதும் நம்பினாள் பாருங்கள்.

மறுநாள் காலை, சொல்லவேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மிசஸ் ஆர்தர் வீட்டு வாசலை எட்டுவதற்குள் துளைப்பான் சத்தம் கேட்டது. பக்கவாட்டில் ஏணி. ஏணிமேல் ஃபீஃபியின் முதுகு.

வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் வந்த காரியம் கேட்பது அங்கே முறை. மிசஸ் ஆர்தர் வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றார்.

"விடியறப்பவே வந்துட்டான். எல்லாத்தையும் சொல்லிட்டான். சுவத்தத் துளைக்காதேன்னு சொன்னது நீங்கதானாமே? மனசு கேக்கலன்னு அழறான் பாவம். காசே வேண்டாம்னு செஞ்சுகிட்டிருக்கான். பிள்ளைங்க படுக்கற ரூமுக்கு மேலதானே அந்த எண்ணெப் புகை அடைஞ்சு கெடக்கு, எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

"நான் அப்படிச் சொல்லவேயில்லம்மா. எனக்கே நேத்துதான் தெரியும்."

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னும் சொன்னான்."

அராபாவின் குரல் கேட்டதும் துளைப்பான் நின்றது. அவள் ஏணியடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். "ஃபீஃபி, நடந்ததை நீயே அவங்ககிட்டச் சொல்லிடு" என்றாள். கெஞ்சுவதுபோல் இருந்தது அவள் குரல், அவளுக்கே அது பிடிக்கவில்லை. அவன் திரும்பவில்லை. துளைப்பானை மறுபடி சுவரில் வைத்து அழுத்தினான்.