தீவுவாசி என்று எழுதியவள்

உள்ளறையில் கட்டில் கம்பியில் டம்ளர் டங் டங்கென்று மோதியது. பக்கவாதத்தில் பேச்சிழந்த ஈஸ்வரன் மனைவியைக் கூப்பிடும் விதம் அது.

"போய்ப் பாருங்க வைஜெயந்தி, நான் இருக்கேன்" என்றாள் ஷோபனா. சென்னையிலிருந்து காலை விமானத்தில் வந்த விஞ்ஞானி. மடியில் தாள்கள்.

வைஜெயந்தி தண்ணீர் புகட்டிவிட்டு வந்தாள். வங்கக்கடல் தீவுகளில் ரங்கத் என்ற ஊரில் பிறந்து, இந்த டாலிகஞ்சில் வாழ்க்கைப்பட்டவள். சர்க்கரை நோய் ஆய்வுக்காக ஒன்பது வருடமாக வீடு வீடாக ரத்தம் எடுக்கிறாள். அவள் தலை தெரிந்தாலே பிள்ளைகள் "சூயிவாலி தீதி!", ஊசிக்கார அக்கா, என்று கத்திக்கொண்டு ஓடி ஒளியும்.

"நோயாளிகளை இந்த ஊர்ல எடுத்தோம், நிறைய தமிழ் ஆளுங்க. நோயில்லாதவங்களை ரங்கத்துல எடுத்தோம், நிறைய வங்காளிங்க. நாம கண்டுபிடிச்ச மரபணு நோயால வித்தியாசப்படுதா, இல்லை ரெண்டு ஜனமும் வேற வேறங்கறதாலயான்னு நம்ம கட்டுரையைப் பரிசீலிக்கிறவங்க கேக்கறாங்க. பூர்வீகம் பிரிச்சாத்தான் தெரியும். நீங்க எண்ணூறு பேருக்கும் தீவுவாசின்னு எழுதி வெச்சிருக்கீங்க!" என்றாள் ஷோபனா.

"எல்லார்கிட்டயும் சர்க்கார் குடுத்த ஐலேண்டர் கார்டு இருந்துச்சு மேடம், அதைப் பார்த்து எழுதிட்டேன். பூர்வீகம் கேட்டா 'ஹம் தோ யஹீன் கே ஹை', நாங்க இங்கத்தவங்கதான்னு சண்டைக்கு வருவாங்க. எங்கப்பா ராமநாதபுரம். என்னைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்."

"நல்லா சொன்னீங்க போங்க!"

"திரும்பப் போய்க் கேட்டுட்டு வரவா?"

"யார்கிட்ட? ரகசியம் காக்கணும்னு பெயர்களை அழிச்சாச்சு. வெறும் நம்பர்தான் இருக்கு. மிச்ச ரத்தம் இருந்தா அதுவே பூர்வீகத்தைச் சொல்லியிருக்கும். அதுவும் தீர்ந்துடுச்சு."

ஷோபனா தாள்களை நீட்டினாள். எண்ணூறு எண்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் தமிழ், வங்காளம், தெலுங்கு. யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. அடியில், 'நேரில் கேட்டு எழுதியது' என்ற வரியும் வைஜெயந்தி கையெழுத்திட இடமும்.

"இது பொய் மேடம். நாளைக்கு நம்ம தமிழ் ஜனங்க ரத்தத்துலயே நோயின்னு சொல்லிடுவாங்களே!"

"உங்க வேலையை நீட்டிக்கிற ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு" என்றாள் ஷோபனா. மிரட்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இங்கே வேறு பிழைப்பு இல்லை; வேலை போனால் படுக்கையில் கிடக்கும் கணவனைத் தூக்கிக்கொண்டு எந்தக் கப்பலில் ஏறுவாள் வைஜெயந்தி? மெயின்லேண்டில் யார் கதவைத் திறப்பார்கள்? சுற்றிலும் கடல். கை நீட்டி ஊசியேற்றிக்கொண்ட முகங்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

கண்ணீர் தாளில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்திட்டாள்.

"மனசுல வெச்சுக்காதீங்க" என்று அவள் தோளைத் தொட்டுவிட்டு, ஷோபனா குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினாள். மழையில் ஊதிப்போயிருந்த கதவைத் தோளால் முட்டித் தள்ளிச் சாத்தினாள் வைஜெயந்தி.