வெளியே வைத்த இரண்டாவது ரிவி

1. கதவு விழுந்த ஞாயிறு

எண்பத்தாறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு வீடியோ கடையில் நான் மெக்கானிக்காக வேலை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கடையின் உள்ளறைக் கதவு பிணைச்சலோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. யாரும் உடைக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்க்க வந்த சனத்தின் பாரத்தில் விழுந்தது.

கடை தங்கராசா அண்ணையுடையது. கப்பலில் எஞ்சின் வேலை செய்தவர். கடலை விட்டுக் கரையேறும்போது சிங்கப்பூரிலிருந்து இரண்டு கலர் ரிவிப் பெட்டி, கசெட் போட்டுப் பார்க்கிற ஒரு டெக், ஒரு ரிவி கேம் மெசின் எல்லாம் கொண்டுவந்தார். முன்னறையில் வீடியோ கசெட் வாடகைக்குக் கொடுத்தார். உள்ளறையில் கேம். அந்தக் கேமில் ஒரு சின்ன வெள்ளை விமானம் பாறைகளுக்கு நடுவே பறக்கும். பாறையில் முட்டாமல் போகப் போகப் புள்ளி ஏறும். முட்டினால் வெடிக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. அதைப் பார்க்கத்தான் கரவெட்டியிலிருந்தும் உடுப்பிட்டியிலிருந்தும் பெடியள் சைக்கிளில் வந்தார்கள்.

தங்கராசா அண்ணை போட்டி வைத்தார். போட்டி என்றதும் விளையாடுகிறவர்களைவிடப் பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்கள். உள்ளறையில் ஒரு கட்டில் போடுகிற இடம்தான். முன்வரிசையில் நின்றவர்கள் ரிவியைக் கண்டார்கள். மற்றவர்கள் முன்வரிசையின் முதுகைக் கண்டார்கள்.

விழுந்த கதவை நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டு அண்ணை என்னிடம் கேட்டார்.

"ராசன், உள்ளுக்கை விளையாடுறதை வெளியிலை இருக்கிற சனத்துக்கும் காட்டேலுமோ? அதே நேரத்திலை?"

"பாப்பம் அண்ணை."

"பாப்பம் எண்டு சொல்லாதை. ஓம் எண்டு சொல்லு."

"ஓம் அண்ணை."

2. வயர் வேலை

கேம் மெசினின் வயர் ரிவியின் அன்ரனா ஓட்டைக்குள் போகும். அதை இரண்டாகப் பிரித்து இரண்டு ரிவிக்குக் கொடுத்தால் இரண்டிலும் படம் வரும் என்றுதான் முதலில் நினைத்தேன். வந்தது. ஆனால் இரண்டிலும் புள்ளி மழை. விமானம் எது, பாறை எது என்று தெரியவில்லை. விளையாடிய பெடியன் கைப்பிடியை வைத்துவிட்டு எழும்பிவிட்டான்.

பிறகு டெக்கை நடுவில் போட்டேன். மெசினின் சிக்னலை டெக்கின் அன்ரனா ஓட்டைக்குக் கொடுத்து, சனல் மூன்றில் ரியூன் பண்ணி, டெக்கிலிருந்து ஒரு வயரை உள் ரிவிக்கும் இன்னொன்றை அன்ரனா பூஸ்டர் வழியாக வெளியேயும் எடுத்தேன். தட்டையான வயர் சரிவராது என்று கோஎக்சியல் வயர் வாங்கி, ஓட்டுக்கு மேலால் இழுத்து, வெளி விறாந்தையில் மேசைக்கு மேல் மேசை அடுக்கி இரண்டாவது ரிவியை வைத்தேன். படம் தெளிவாக விழுந்தது. உள்ளே கை அசைய வெளியே விமானம் அசைந்தது.

இன்னொரு பிரச்சினை வோல்டேஜ். பின்னேரமானால் வடமராட்சி முழுக்க வோல்டேஜ் இறங்கும். படம் இரண்டு கரையிலும் சுருங்கும். அதனால் போட்டியைப் பகலில்தான் வைக்க வேண்டும் என்று சொன்னேன். பகலில் விறாந்தையில் வெளிச்சம் கூட. ரிவியைச் சுற்றிச் சாக்கால் மறைப்புக் கட்டினேன். அன்றைக்கு அந்தப் பகுதியில் இப்படி வேறு யாரும் செய்து நான் கேள்விப்படவில்லை. வேலை சரிவந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். இந்தக் குறிப்பில் சந்தோசம் என்று எழுதக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

3. இறுதிப் போட்டி

இறுதிப் போட்டிக்கு ஒழுங்கையை அடைத்துச் சனம் நின்றது. சந்தையில் காய்கறி விற்றவர்களும் கடகத்தைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். நடுவில் ஒருதரம் மேலே ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. சனம் மதிலோடு ஒதுங்கி நின்றது. ஹெலி பருத்தித்துறைப் பக்கம் போனதும் திரும்பி வந்து முன்னர் நின்ற அதே இடங்களில் நின்றார்கள். எவரும் வீட்டுக்குப் போகவில்லை.

கடைசியாக விளையாடியவன் உடுப்பிட்டி ரவி. ஏ லெவல் எழுதிவிட்டு இருந்தவன். தகப்பன் இல்லை. தாய் வெங்காயத் தோட்டம் செய்து அவனைப் படிப்பித்தவர். அவன் கதிரையில் இருந்து விளையாடமாட்டான். நிலத்தில் முழங்காலில் நின்றுதான் விளையாடுவான். நான் டெக்குக்குப் பக்கத்தில் இருந்ததால் அவனுடைய முகம் எனக்கு மட்டும் தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதும்போது போல நாக்கு நுனி கடைவாயில் எட்டிப் பார்த்தது.

அன்று அவன் போன தூரம் அந்த மெசினில் யாரும் போகாத தூரம். வெளியே சனம் சத்தம் போடுவது நின்றுவிட்டது. அவ்வளவு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சின்ன வெள்ளை விமானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பாறையில் முட்டி வெடித்தபோதுதான் கைதட்டல் கேட்டது.

விளையாட்டு நடக்கும்போதே தங்கராசா அண்ணை என் காதுக்குள் சொன்னார். "ரெக்கோட் பட்டனை அமத்து. வாற கிழமை போட்டுக் காட்டினால் இன்னும் சனம் வரும்."

சிக்னல் டெக்குக்கூடாகத்தானே போகிறது. அமத்தினேன்.

4. ரவி போனது

அதன் பிறகு போட்டி நடக்கவில்லை. வயதுப் பெடியள் வீட்டில் இருக்க முடியாத காலம் வந்தது. ஆமியின் சுற்றிவளைப்பு என்றால் தோட்டத்துக்குள் ஓடுவார்கள். ஒரு நாள் ரவி கடைக்கு வந்து, விளையாடாமல், கைப்பிடியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றான்.

"அண்ணை, நான் அங்காலை போறன். அம்மா போகச் சொல்லுறா."

"இந்தியாவுக்கோ?"

"ஓம். அங்கையிருந்து எங்கையும் போகலாமாம்."

வள்ளத்தில் போனான். அந்தக் காலத்தில் போய்ச் சேர்ந்தவர்களின் கடிதம் ஒன்றிரண்டு மாதத்தில் யாராவது கையில் வந்துவிடும். அந்த வள்ளத்தில் போன ஒருவரிடமிருந்தும் கடிதம் வரவில்லை. வள்ளம் மூழ்கியது என்று சொல்ல ஆளில்லை. கரை சேர்ந்தது என்று சொல்லவும் ஆளில்லை.

5. "எங்கை தம்பி ரவி?"

அண்ணை சொன்னபடியே அந்தக் கசெட்டை வெளி ரிவியில் இடைக்கிடை போட்டுக் காட்டிவந்தோம். ரவி விளையாடினது இன்னும் நெல்லியடியில் ஓடுகிறது என்று யாரோ அவனுடைய தாயிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் காலமை பஸ்ஸில் வந்தார். பெயர் பூமணி. கோயிலுக்கு உடுக்கிற சீலை உடுத்திருந்தார். தலை வாரி இழுத்து, திருநீறு பூசியிருந்தார். நான் கதிரை போட்டுக் கொடுத்தேன். கசெட்டைச் சுற்றி, ரவி விளையாடத் தொடங்குகிற இடத்தில் விட்டேன்.

விமானம் பறந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கை தம்பி ரவி?"

அப்போதுதான் அவர் எதைப் பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"அம்மா, இதிலை ரவியின்ரை முகம் வராது. அவர் விளையாடினதுதான் வரும். உந்த வெள்ளையாப் பறக்குது பாருங்கோ, அதை அவர்தான் ஓட்டுறார்."

"உதோ?"

"ஓம் அம்மா."

"குரலும் கேளாதோ?"

"மெசினின்ரை சத்தம் மட்டும்தான் அம்மா."

அவர் எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். விமானம் வலப்பக்கம் ஒதுங்கும்போது அவருடைய தலையும் வலப்பக்கம் சரிந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே நுழைந்தபோது கையால் வாயைப் பொத்தினார்.

நான் அவன் முழங்காலில் நின்றதையும், நாக்கு கடைவாயில் எட்டிப் பார்த்ததையும் சொன்னேன்.

"சின்னனிலை எழுதேக்கையும் உப்பிடித்தான்," என்றார். சிரித்தார். பிறகு முகத்தைச் சீலைத்தலைப்பால் மூடிக்கொண்டார்.

முடிகிற இடம் கிட்டியது. எனக்கு அது தெரியும். அவருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது.

"தம்பி, உது கடைசியிலை என்ன ஆகும்?"

"கல்லிலை முட்டும் அம்மா."

"அதுக்கு முன்னம் நிப்பாட்டுங்கோ."

போஸ் பட்டனை அமத்தினேன். விமானம் திரையின் நடுவில் நின்றது. குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு நடுங்கியது. அவர் அதைப் பார்த்து மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார். தோட்டத்துப் பம்ப் பழுதாகப் போனதையும், சித்தப்பா வந்து இறைத்துத் தருவதையும் சொன்னார். அந்த டெக் கனநேரம் போஸில் நிற்காது. சில நிமிடத்தில் தானாகவே விட்டுவிட்டது. திரை கறுத்தது.

"இன்னொருக்காப் போடேலுமோ?"

போட்டேன்.

6. தேய்ந்த இடம்

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி வந்தார். தங்கராசா அண்ணை ஒருநாளும் மறுக்கவில்லை. அவர் வந்தால் வாடிக்கையாளரை வெளியே இருக்கச் சொல்லுவார்.

தொழில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போஸில் நிற்கும்போது டேப் நகராது. படத்தை வாசிக்கிற டெக்கின் ஹெட் மட்டும் அதே இடத்தில் சுற்றிச் சுற்றித் தேய்க்கும். ஒவ்வொரு முறையும் டேப்பின் பூச்சுக் கொஞ்சம் கழன்று போகும். கொப்பி ஒன்று எடுக்க வேண்டும் என்று அண்ணையிடம் சொன்னேன். கொப்பி எடுக்க இன்னொரு டெக் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் கேட்டு வைத்தோம். போக நினைத்த நாளெல்லாம் றோட்டு அடைப்பாக இருந்தது.

எண்பத்தேழில் வடமராட்சியில் சண்டை வந்தது. நாங்கள் கோயிலில் அடைக்கலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கடைக்குக் கூரை இல்லை. இரண்டு ரிவியும் நொறுங்கிக் கிடந்தன. டெக்கும் சில கசெட்டுகளும் மேசைக்குக் கீழே தப்பியிருந்தன. தங்கராசா அண்ணை அவற்றை என்னிடம் தந்தார்.

"என்னாலை இனி ஏலாது, ராசன். நீ வைச்சிரு. அந்த மனிசி வந்தால் போட்டுக் காட்டு." அவர் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார்.

பூமணி அம்மா என் வீட்டுக்கு வந்தார். ஒரு பழைய ரிவியைத் திருத்தி வைத்திருந்தேன். கசெட்டைப் போட்டேன். தொடக்கம் நன்றாக வந்தது. அவர் நிறுத்தச் சொல்லும் இடம் வந்தபோது படம் கிழிந்து புள்ளி மழை கொட்டியது. ஹெட்டைத் துடைத்துப் போட்டேன். டிராக்கிங்கைத் திருகினேன். பலனில்லை. மழை விட்டபோது விமானம் ஏற்கெனவே வெடித்துக்கொண்டிருந்தது.

முட்டாமல் அவனை எந்த இடத்தில் நிறுத்தி வைத்தோமோ, அந்த இடம்தான் முதலில் அழிந்தது. வெடிக்கிற இடத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அது கடைசிவரை தெளிவாக இருந்தது.

"கொஞ்சம் முன்னாலை நிப்பாட்டுங்கோ," என்றார். நிறுத்தினேன். பிறகு அந்த இடமும் தேயத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் இன்னும் முன்னால், இன்னும் முன்னால் என்று வந்துகொண்டிருந்தோம்.

7. கரண்ட் இல்லாத வருசங்கள்

தொண்ணூறில் கரண்ட் போனது. குடாநாடு முழுவதும் போனது. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜெனரேற்றர் ஓட்டப் பெற்றோல் கண்ணால் காண முடியாது. ரிவி திருத்துகிற தொழில் அதோடு முடிந்தது. நான் சைக்கிள் டைனமோவை ரேடியோவோடு பொருத்திக் கொடுத்துப் பிழைத்தேன். ஒருவர் பெடலைச் சுற்ற வீட்டுக்காரர் செய்தி கேட்பார்கள்.

அதைக் கேள்விப்பட்டு ஒரு பின்னேரம் பூமணி அம்மா உடுப்பிட்டியிலிருந்து நடந்து வந்தார். நன்றாக மெலிந்திருந்தார்.

"தம்பி, சைக்கிளைச் சுத்தி ரேடியோ கேக்கினமாம். டெக்குக்கும் சுத்தேலாதோ?"

"ஏலாது அம்மா. டெக்கும் ரிவியும் நல்லாக் கரண்ட் இழுக்கும்."

"நான் சுத்துறன்."

"எத்தினை பேர் சுத்தினாலும் காணாது அம்மா."

அவர் என்னுடைய சைக்கிளைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பொய் சொல்லுகிறேனோ என்று யோசித்தாரோ தெரியாது. பிறகு கசெட்டைத் தரச் சொல்லிக் கேட்டார். பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தேன். அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

தொண்ணூற்றைந்து முடிகிற மாதங்களில் வலிகாமத்துச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து எங்கள் பக்கமும் வந்தது. பூமணி அம்மாவின் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் போனபோது அவர் சாய்கதிரையில் கிடந்தார். என்னை ஆரென்று மட்டுக்கட்டவில்லை. காய்ச்சல் என்றார்கள். மருந்து இல்லை என்றார்கள். அந்த மாரி மழைக்குள்ளேயே காலமானார். கசெட் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டும் என்ன செய்வது, போட்டுப் பார்க்கக் கரண்ட் இல்லை.

8. படித்தது

இப்போது விளையாட்டை உலகம் முழுவதுக்கும் நேரடியாகக் காட்டுகிற பிள்ளைகள், திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் விளையாடுகிறவரின் முகத்தையும் வைக்கிறார்கள். அது விளையாட்டை மறைக்கிறது, எடுத்துவிடலாம் என்று சிலர் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் காலத்தில் கல்யாண வீடுகளுக்கு வாடகைக் கமரா நெல்லியடியிலேயே கிடைத்தது. அதைக் கொண்டுவந்து ரவியின் முன்னால் வைக்கலாம் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. சனம் விமானத்தைப் பார்க்கத்தானே வந்தது.

நான் இந்தத் தொழிலில் படித்தது இதுதான்: விளையாட்டு யார் விளையாடினாலும் ஒன்றுதான். முகத்தைக் காட்டுங்கள்.