பின்கதவின் முக்கோணக் கண்ணாடி

எங்கள் காரின் பின்கதவில், ஏறி இறங்கும் பெரிய கண்ணாடிக்குப் பின்னால், அசையாத முக்கோணக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் ரப்பர் வெடித்துப்போய், மழை பெய்தால் பின்சீட்டில் தண்ணீர் நின்றது. புது ரப்பர் கிடைத்தது. கண்ணாடிதான் இப்போது எங்கும் கிடையாது. அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். வல்லார்பாடம் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் நான் காரைக் கேட்டேன். மட்டாஞ்சேரியில் மிளகுக் கடை வைத்திருக்கும் அத்தா ஒரே நிபந்தனை போட்டார்: கண்ணாடி உடையாமல் வெளியே வந்தால் கார் எனக்கு, உடைந்தால் பழைய இரும்புக்கு.

நான் மெக்கானிக்கல் படித்தவள். ஒன்பது படிகளை எழுதி முன்கதவில் ஒட்டிவிட்டு, ஒரு ஞாயிறு காலை தொடங்கினேன். பின்கதவின் உள்பலகையைக் கழற்றினேன். பெரிய கண்ணாடியை அடிவரை இறக்கி, அது ஓடும் ரப்பரை உருவினேன். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே நிற்கும் கம்பியின் மேல் திருகையும் கீழ் போல்ட்டையும் எடுத்து, கம்பியைச் சாய்த்து வெளியே இழுத்தேன். ஏழு படிகளுக்கு டிக் போட்டாயிற்று. எட்டாவது, சிறிய கண்ணாடியை ரப்பரோடு முன்பக்கமாக இழுப்பது. இழுத்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது எங்கோ நெறிபடும் சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டேன்.

சாயா டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்த அத்தா தொண்டையைச் செருமிவிட்டு விஷயத்தைச் சொன்னார். வருடாவருடம் மழைக்கு முன்னால், ஒழுக்கை நிறுத்துவதற்காக, ஒரு ட்யூப் கறுப்புப் பசையை அந்த ஓரத்தில் பிதுக்கிவந்திருக்கிறார். ஒழுக்கு நிற்கவில்லை, கண்ணாடிதான் கதவோடு ஒட்டிப்போயிருந்தது.

“இதை ஏன் அத்தா முன்னாடியே சொல்லல?”

“நீ கேக்கலையே. லிஸ்ட்ல எல்லாம் இருக்கும்னுல்ல நெனச்சேன்.”

நியாயம்தான். கத்தியை விட்டால் கண்ணாடி கீறும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் ஸ்கூட்டரில் தோப்பும்படிக்குப் போய், மீன்வலைக் கடையில் தடித்த நைலான் நரம்பு ஒரு சுருள் வாங்கிவந்தார். கம்பியை எடுத்ததால் திறந்திருந்த முன்விளிம்பில் அதை வளைத்து மாட்டினோம். ஒரு முனை காருக்குள் அவர் கையில், மறுமுனை வெளியே என் கையில். பசையை அறுத்துக்கொண்டு மாறி மாறி இழுத்தோம். நரம்பு இரண்டு முறை அறுந்தது.

வாசலுக்கு வந்த அம்மா சற்று நேரம் பார்த்தாள். “அத்தாவும் மகளும் காருக்குள்ள கரிமீனா புடிக்கறீங்க?”

உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தோம். சிரித்தால் இழுப்பு தவறிவிடும்.

“மெதுவா மோளே, அந்த மூலைலதான் பசை கூடுதல்,” என்றார் அத்தா. பிதுக்கியவர் அவர்தானே, எங்கே எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்ன இடங்களிலெல்லாம் நிதானித்தேன். கடைசியில் பின்மூலை விட்டுக்கொடுத்தது. கண்ணாடி முன்னால் சாய்ந்து, ஒரு கீறல்கூட இல்லாமல், என் உள்ளங்கையில் இறங்கியது.

அத்தா அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பு முழுவதும் விரலை ஓட்டினார். குறை எதுவும் அகப்படவில்லை.

“பசைய நீயே சொரண்டிக்கோ,” என்று கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு, காரின் ஆர்.சி. புத்தகத்தைத் தேட உள்ளே போனார்.